எதிர்காலப் பராமரிப்புச் செலவு: விபத்து வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெடு தவறுவது, ஆவணம் விட்டுப்போவது போன்றவற்றைக் குமாஸ்தாவே பிடித்துவிடுவார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இளம் வழக்கறிஞர்கள் கோட்டைவிடுவது வேறு இடத்தில்.

தாய் பார்த்துக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முதுகுத்தண்டு முறிந்த மகனுக்காகத் தாய் கூண்டில் நின்றார். "பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறீர்களா?" என்று காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் கேட்டார். "இல்லை ஐயா, நான்தான் பார்க்கிறேன்." குறுக்கு விசாரணை அத்துடன் முடிந்தது. மனுதாரரின் இளம் வழக்கறிஞர், தன் சாட்சியிடம் மீண்டும் கேள்வி கேட்கும் மறுவிசாரணை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

படுக்கைப் புண் வராமலிருக்க அந்தத் தாய் இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும் உடம்பு துடைப்பதும் அவரே. இதில் ஒரு வரிகூடப் பதிவில் ஏறவில்லை. அவருக்கு முடியாமல் போகும் நாளில் கூலிக்குத்தான் ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியைத்தான் இன்றே கேட்கிறோம். தாயின் ஒரு நாளை மணிவாரியாக வாக்குமூலத்தில் எழுதுங்கள். எத்தனை பேர் துணை வேண்டும் என்பதை மருத்துவர் வாயால் சொல்லவையுங்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு என்ன சம்பளம் என்பதற்கும் சாட்சி போடுங்கள்.

பதிவில் இருந்தால் என்ன ஆகும்? 12 வயதில் விபத்தில் சிக்கி முழு ஊனமடைந்த சிறுமிக்கு உயர் நீதிமன்றம் மாதம் 2,500 ரூபாய் வீதம் 44 ஆண்டுகளுக்கு உதவியாளர் செலவு தந்தது: 13.20 லட்சம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்கவில்லை. இரண்டு உதவியாளர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 1.20 லட்சம், மல்டிபிளையர் (வயதைப் பொறுத்து ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண்) 18 என்று கணக்கிட்டு 21.60 லட்சம் வழங்கியது. விலைவாசி, மொத்தத் தொகைக்குக் கிடைக்கும் வட்டி, ஆயுள் எல்லாமே மல்டிபிளையரில் அடங்கும் என்பது அதன் விளக்கம்.

ஊனச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வது

சதவீதம் மட்டும் பராமரிப்பைச் சொல்லாது. மருத்துவரைக் கூண்டில் ஏற்றுங்கள்.

சக்கர நாற்காலிக்கு ஒரே ஒரு விலை போடுவது

அது தேயும், மாற்ற வேண்டிவரும்.

பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது

முடியாது. இறுதித் தீர்ப்புக்குப் பின் எதிர்கால மருத்துவச் செலவுக்காக மீண்டும் வர மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவில் கேட்டதைவிட அதிகமாகத் தரலாம் என்பதும் அதே தீர்ப்புதான். ஆனால் சாட்சியம் இல்லாமல் எந்த நீதிபதியாலும் அதைத் தர முடியாது.