சரளைப் பாதையில் டயர் காற்றும் ஒரு சின்ன உதிரிப் பாகமும்

ஆற்றுப் பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டச் சரிவு என்று கிராவல் சைக்கிளில் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) கிளம்பும்போது முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. 40 மி.மீ. டியூப்லெஸ் டயர், ஓட்டுபவர் சுமார் 70 கிலோ என்றால் முன்சக்கரத்தில் 30, பின்சக்கரத்தில் 33 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். காற்று கூடினால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். செங்குத்தான ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். குறைந்தால் ரிம் கல்லில் 'டங்' என்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே 2 பி.எஸ்.ஐ. ஏற்றிவிடுங்கள்.

டயருக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். சில மாதங்களில் அது காய்ந்துபோகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். பெரிய கிழிசலைச் சீலன்ட் மட்டும் அடைக்காது, ஓட்டையில் செருகும் டயர் பிளக் கட்டாயம் வேண்டும்.

கொடிகளைக் கத்தரிக்கும் குளிர்காலத்தில் வரிசைகளுக்கிடையே வெட்டிய குச்சிகள் கிடக்கும். ஒன்று பின் டீரெய்லியரில் (சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) சிக்கினாலும், அதை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் வளைந்துவிடலாம். உடனே மிதிப்பதை நிறுத்தி, குச்சியை எடுத்த பிறகே நகருங்கள். வளைந்த ஹேங்கரோடு சங்கிலியைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் போய்விடலாம். உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் உபரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே ஹேங்கர் சேராது.