ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வீட்டுச் செய்தி தேடுவது எப்படி?

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். கப்பல் வரவும் துணிக் கொள்முதலும் குவர்னர் துரையின் கோபமும் உங்களைச் சோர்வடையச் செய்துவிடும். நான் இருமுறை பாதியில் மூடிவைத்தேன். குடும்பங்களைத் தேடிப் படித்தபோதுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரு நோட்டில் உறவுமுறையை வரைந்துகொள்ளுங்கள். பெயர்கள் குழப்பும். பிள்ளையின் தந்தை திருவேங்கடம். பிள்ளைக்குப் பின் நாட்குறிப்பைத் தொடர்ந்த தம்பி மகனும் திருவேங்கடம். பேரனுக்குத் தாத்தா பெயர், நம் வீடுகளில் வைப்பதுபோலத்தான்.

அறுபது தமிழ் ஆண்டுகளின் பட்டியலையும் அருகில் வையுங்கள். நள என்றால் 1736. ஆனால் 1746 பிப்ரவரி இன்னும் குரோதனதான். அட்சய பிறக்கச் சித்திரை வரவேண்டும். இதைக் கவனிக்காமல் ஓராண்டுச் செய்தியை இடம் மாற்றி எழுதியிருந்தேன்.

பிறகு ஒரே ஒரு வீட்டைப் பின்தொடருங்கள். நான் சொல்வது பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான கனகராய முதலியின் வீடு. அவர் கிறிஸ்தவர். இறந்துபோன மகன் நினைவாக ஒழுகரையில் தேவாலயம் கட்டி, 1745இல் விருந்து வைத்தார். ஐரோப்பியர்களுக்கு மேசை விருந்து. இந்துக்களுக்குப் பிராமணர் சமைத்த சாப்பாடு தனியே. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் சமைத்தார்கள் என்ற வரிகளை வேகமாகத் தாண்டாதீர்கள். யாருக்கு யார் உறவு, எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

1746 மாசியில் முதலி இறந்தார். வாரிசாக மகன் இல்லை. சொத்துக்குத் தம்பி ஒருபக்கம், மனைவி மறுபக்கம். அந்த வாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள். எழுதுகிறவரைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள்: முதலியின் பதவி பின்னர் பிள்ளைக்கே வந்தது. குவர்னர் துப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதுவதிலும் பகை கலந்திருக்கிறது.

படித்து முடித்ததும் நோட்டில் பக்கம் பக்கமாக இரண்டு நெடுவரிசைகள் போடுங்கள். ஒன்றில், அந்தக் கைம்பெண்ணைப் பற்றி ஆண்கள் பேசியவை. மற்றதில், அவரே பேசியதாக எழுதப்பட்டவை. இரண்டையும் வரிவரியாக எண்ணுங்கள்.