3டி பிரிண்டிங் உலோகப் பாகம்: விரலுக்கு வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது

மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகள் பக்கம் லேத்திலும் மில்லிங்கிலும் கைதேர்ந்தவர்கள்கூட, பொடியை லேசரில் உருக்கி அடுக்கடுக்காகச் செய்த பாகம் கைக்கு வந்ததும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "உப்புத்தாள் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிடுவது உண்டு. தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் துணியைக் கிழிக்கும் முன் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுப்பார்கள். அப்புறம் துணி தானாகப் பிரியும். திரும்பத் திரும்ப விசை தாங்கும் பாகத்தில் மேற்பரப்புப் பள்ளம் செய்வதும் அதே வேலைதான். மெஷினில் இருந்து இறங்கியபடியே இருக்கும் பாகத்தின் ஆர்ஏ (Ra, மேற்பரப்புச் சொரசொரப்பின் சராசரி அளவு) பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். நல்ல மில்லிங்கில் 1.6 எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆர்ஏ வெறும் சராசரி. விரிசலைத் தொடங்கிவைப்பது ஆழமான ஒரே ஒரு பள்ளம். அதனால் ஆர்வி (Rv, மிக ஆழமான பள்ளத்தின் ஆழம்) அளவையும் கேட்டு வாங்குங்கள். அளக்கும் ஊசியின் முனையே சில மைக்ரான் ஆரம் கொண்டது, குறுகிய இடுக்குக்குள் இறங்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கும் தாழச் சாய்ந்து நிற்கும் பரப்பின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாதி உருகிய பொடி மணி மணியாக ஒட்டியிருக்கும். கீழே இருப்பது உதிரிப் பொடி என்பதால் சூடு வெளியேற வழியில்லை. உருகிய உலோகம் அதற்குள் இறங்கி உறைந்துவிடுகிறது. அதிக இழுவிசை வரும் முகத்தை இந்தப் பக்கம் வைத்து பிரிண்ட் எடுப்பது பெரிய பிழை. டிசைனிலேயே பாகத்தைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

உள்ளே இருக்கும் குறைகளை அடர்த்திச் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கவும் கூடாது. லேசர் சக்தி மிகுந்தால் உருண்டை ஓட்டை; குறைந்தால் அடுக்குகளுக்கு நடுவே தட்டையான, கூர்முனை கொண்ட இடைவெளி. இரண்டாவதுதான் ஆபத்து, அதிலும் அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் பளு வந்தால். இழுவைச் சோதனையில் பாகம் தேறிவிடலாம். திரும்பத் திரும்ப விசை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனையில்தான் குறை வெளியே வரும்.

ஹிப் (HIP, அதிகச் சூட்டில் எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுப்பது) செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. டைட்டானியம் 6-4 (6% அலுமினியம், 4% வனேடியம்) கலவையை 920 டிகிரி செல்சியஸ் அளவில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் 2 மணி நேரம் வைப்பார்கள். உள்ளே அடைபட்ட ஓட்டைகள் மூடும். மேற்பரப்புக்கு வாய் திறந்தவை மூடாது, வாயு உள்ளேயே புகுந்துவிடும். சொரசொரப்பும் அப்படியே இருக்கும்.

மெஷினிங்கை ஹிப்புக்குப் பிறகு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. லேசர் வரையும் வெளிக்கோடும் உள்நிரப்பும் சேரும் இடத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே ஓட்டைகள் வரிசையாக இருக்கலாம். முதலிலேயே மேலோட்டமாகச் சீவினால் அவை வாய் திறந்துகொள்ளும், அப்புறம் ஹிப் உதவாது. மணல் வீச்சிலும் எச்சரிக்கை தேவை: பள்ளத்தின் வாய் மட்டும் மூடி, அடியில் இடுக்கு அப்படியே தங்கிவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போதே, அதே தட்டில் அதே திசையில் அடித்த ஒரு சோதனைத் துண்டையும் பாலிஷ் போடாமல் தரச் சொல்லுங்கள்.