கடைவாய்க்காலுக்கும் கொஞ்சம் சோறு

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சின சோற்றை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பங்கு மண்சட்டித் தண்ணீருக்குள், மற்றது மூடி போட்ட பெட்டியில் பிரிட்ஜுக்குள். மருமகள் வந்த புதிதில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "என்ன மாமி, சொத்துப் பிரிக்கிற மாதிரியெல்லோ சோத்தைப் பிரிக்கிறியள்!"

கிளிநொச்சி முரசுமோட்டையில் இருக்கிறேன். விஞ்ஞான ரீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வயலும் கோழியும்தான். வரம்பில் மண்வெட்டி காலில் வெட்டி, பத்து நாள் அன்ரிபயோற்றிக் குடித்தேன். புண் ஆறியது, வயிறு ஆறவில்லை; மருந்து குடல் பற்றீரியாக்களையும் சேர்த்து அடித்துவிட்டது. தயிர் சாப்பிட்டால் சரிவரும் என்றார்கள். சாப்பிட்டேன், கொஞ்சம் சுகம். ஆனால் தயிரில் வரும் பற்றீரியா பெரும்பாலும் வந்து போகிற விருந்தாளி. குடலிலேயே குடியிருக்கிறவைக்குச் சாப்பாடு போடவேண்டாமா?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுகம். தலைவாய்க்கால்காரர் எல்லாத் தண்ணீரையும் மறித்துவிட்டால் கடைவாய்க்கால் வயல் வெடிக்கும். சிறுகுடல்தான் தலைவாய்க்கால், சுடுசோற்று மாப்பொருளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது குளுக்கோசாக்கி எடுத்துவிடும். கடைசியில் இருக்கிற பெருங்குடலில்தான் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் வாய் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. சிறுகுடலில் சமிக்காமல் தப்பிக் கடைவரை போகிற மாப்பொருளும் உண்டு. அதை முதலில் உடைப்பதில் ருமினோகொக்கஸ் புறோமி என்ற பற்றீரியா கெட்டிக்காரன். அது உடைத்துச் சிந்துவதைப் பைபிடோபற்றீரியா போன்றவை பொறுக்கித் தின்னும். இந்தக் கூட்டுவேலையில் பியூற்றிரிக் அமிலம் உண்டாகும். பெருங்குடல் உள்தோலின் கலங்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான்.

சரி, சமையலுக்கு வருவோம். அரிசி புழுங்கலாக இருக்கட்டும், சிவப்பு என்றால் இன்னும் நல்லது. அரைக் கோப்பை அரிசிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பிறகு அரிசியைப் போடுங்கள். இது என் கண்டுபிடிப்பில்லை. 2015இல் சுதைர் ஜேம்ஸ் என்ற இலங்கை மாணவரும் அவரது வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் சொன்ன முறை. இப்படி வேகவைத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் குளிரில் வைத்தால் சமிக்காத மாப்பொருள் கூடுகிறது என்பது அவர்களுடைய முடிவு. கஞ்சியை வடித்ததும் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

காலையில் ஒரு பருக்கையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசித்துப் பாருங்கள். இரவு அதே சோறு பசையாக நசிந்தது. இப்போது நசியாமல் உடைகிறது, உள்ளே மணல் போல ஒரு நறநறப்பு. வெந்தபோது அவிழ்ந்துபோன, மாப்பொருளின் ஒரு கூறான அமிலோசுச் சங்கிலிகள் குளிரில் திரும்ப நெருங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் விரல் உணர்கிறது. பல்லுக்கு வருகிற அந்த விறைப்பு, சாப்பாட்டைச் சமிக்கவைக்கும் நொதியங்களுக்கும் வரும். திரும்பச் சூடாக்கினாலும் பெரும்பகுதி கரைந்துபோகாது, ஆகவே ஆவியில் சூடாக்கிச் சாப்பிடலாம்.

இனிக் கணக்கு. பழஞ்சோற்றைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். 100 கிராமில் சமிக்காத மாப்பொருள் சுடச்சுட 0.64 கிராம், அறைவெப்பத்தில் பத்து மணித்தியாலம் ஆறினால் 1.30, 24 மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துச் சூடாக்கினால் 1.65. ஒரு கோப்பைச் சோறு 250 கிராம் என்று வைத்தாலும் நாலு கிராம்தான் தேறும். ஆய்வுகளில் நாளுக்குப் பதினைந்து, இருபது, முப்பது கிராம் என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். பழஞ்சோறு நல்லதுதான், ஆனால் அது தனியாக இந்தக் கடனை அடைக்காது.

அதனால் கௌபி. இரவு ஊறவைத்து, அவித்து, ஆறவைத்து, அடுத்தநாள் வெங்காயமும் செத்தல்மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாளியுங்கள். பயறும் கடலையும் அப்படித்தான். சோற்றைவிடப் பருப்பு வகைகள் இந்த விஷயத்தில் தாராளம்.

வாழைக்காய் மா இன்னும் பலமானது. முற்றின, பழுக்காத மொந்தன் காயைத் தோல்சீவி மெல்லிய வட்டமாக வெட்டுங்கள். கையில் முதலே தேங்காய் எண்ணெய் பூசாவிட்டால் கயர் நாலு நாளைக்குப் போகாது. தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணீரில் முக்கி எடுத்து, சுளகில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு வெயிலில் காயவையுங்கள். துண்டை முறித்தால் 'டக்'கென்று சத்தம் வரவேண்டும். அரைத்து அரித்துப் போத்தலில் போடுங்கள். இதை வேகவைக்கக்கூடாது, வெந்தால் பச்சை மாப்பொருளின் கட்டுக் குலைந்துவிடும். மோரில் கலக்கிக் குடிக்கவேண்டியதுதான். ருசி சோக்குக்கட்டித் தூள் போல இருக்கும். எனக்கு அது பழக்கம். பச்சையாக என்றதும் மரவள்ளியை நினைக்கவேண்டாம், அதில் சயனைட்டுப் பொருள் உண்டு. ஒடியல்மாவையும் ஊறவைத்துக் கசப்பை எடுக்காமல் தொடவேண்டாம்.

மண்சட்டிப் பங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு ஆவணி மாதம் தண்ணீர் விடாமல் சோற்றுப் பானையை அப்படியே மூடி அடுப்படியில் விட்டுவிட்டேன். அடுத்தநாள் மத்தியானம் நல்லாகச் சூடாக்கித்தான் சாப்பிட்டேன், பின்னேரம் மட்டும் சத்தி. படிப்பித்த ரீச்சருக்கு இது வெட்கம். பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்திகள் சோறு வெந்தாலும் சாகாது. இளஞ்சூட்டில் கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சு வைக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே ஆறின உடனே சோறு மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு கரண்டி உறைமோரும் விடுங்கள், புளிப்புக் கெதியில் ஏறும். காலையில் புளிமணம் சரி. நூல் இழுத்தாலோ வேறு மணம் வந்தாலோ கோழிக்கும் வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். சோளகக் காலத்தில் நான் சட்டிப் பங்கை நிறுத்திவிடுவேன். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் எப்போதும் பிரிட்ஜ்ப் பங்குதான், அதுவும் ஒரு நாளுக்குள்.

முதல்நாளே எல்லாவற்றையும் அள்ளிச் சாப்பிடாதீர்கள். வாயு வரும். எங்கள் வீட்டில் இவர் முதல் கிழமை விறாந்தையில் படுத்தார், அதற்குமேல் நான் சொல்லவில்லை. மாவில் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி மூன்று கிழமையில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறுங்கள். சீனி வருத்தக்காரர் பழஞ்சோறுதானே என்று அளவைக் கூட்டவோ குளிசையை விடவோ கூடாது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சீனியைச் சோதித்தால் அவரவர் உடம்பு பதில் சொல்லும்.

காலையில் குழையல். குளிர்ந்த சோறு, கௌபி, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. பழைய மீன்குழம்பு விடுவதென்றால் அதைத் தனியே கொதிக்கவைத்து ஆற்றி விடுங்கள். அன்றைக்குத் தயிர் இல்லை, அது இந்த வீட்டுச் சட்டம். குழம்பு இல்லாத நாளில் முட்டித் தயிர் இரண்டு அகப்பை, கடைசியாக, சோறு குளிராக இருக்கும்போதே. பிசைந்து உருண்டை பிடித்து முதல் உருண்டையை மருமகளின் கையில் வைப்பேன். ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவள், நின்றபடியே சாப்பிடுவாள்.