தோட்டத்துத் தண்ணீரில் குளோரின் எங்கே தொலைகிறது? இபானெட்டில் கணக்கிடும் முறை

ஊற்றுத் தொட்டியில் குளோரின் கலக்கிறீர்கள். பள்ளத்து லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) குழாயில் அளந்தால் ஒன்றுமில்லை. கடைசி வீட்டிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். எங்கே குறைகிறது என்பதை, குழாய் வலைப்பின்னலில் நீரோட்டத்தைக் கணக்கிடும் இபானெட் (EPANET) என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம்.

முதலில், குளோரின் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அறியப் போத்தல் சோதனை. குளோரின் கலந்த நீரை ஐந்து கபிலநிறப் போத்தல்களில் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பீலித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். 0, 2, 6, 12, 24 மணியில் ஒவ்வொன்றாகத் திறந்து டி.பி.டி. நம்பர் 1 மாத்திரையால் அளக்க வேண்டும். கொழும்புச் சூட்டில் செய்த சோதனை நுவரெலியாக் குளிருக்கு உதவாது. சூட்டில் குளோரின் வேகமாகச் சிதையும்.

24 மணியில் லீற்றருக்கு 0.8 மில்லிகிராம் பாதியாகி 0.4க்கு வந்தால் சிதைவுக் குணகம் (குறையும் வேகம்) நாளொன்றுக்கு −0.69. மைனஸை விட்டால் குளோரின் வளரும். மணிக் கணக்கில் −0.029 என்று போட்டால், இபானெட் அதை நாள் கணக்காக எடுப்பதால், ஏறக்குறைய குறையவே குறையாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வலைப்பின்னலை வரையுமுன் ஓட்ட அலகை எல்.பி.எஸ். (வினாடிக்கு லீற்றர்) ஆக்குங்கள், இல்லாவிட்டால் கேலனில் போய்விடும். பாவனையை 24 மணிக்கும் பிரித்துக் கொடுங்கள்: பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் நேரத்துக்கு) முன் உச்சம், நள்ளிரவில் ஏறக்குறைய பூச்சியம். 55 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள 800 மீற்றர் பைப்பில் 1,900 லீற்றர் நிற்கும். வினாடிக்கு 0.2 லீற்றர் ஓடினால் அது இரண்டே முக்கால் மணிக்குள் கடந்துவிடும். ஆகவே பைப்பைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள்.

தொட்டியைப் பாருங்கள். 10,000 லீற்றர் தொட்டியிலிருந்து நாளுக்கு 5,000 லீற்றர்தான் போகிறதென்றால் தண்ணீர் சராசரியாக இரண்டு நாள் கிடக்கும், தொட்டி நீர் முழுதும் கலந்திருந்தால் 0.8 ஆக உள்ளே போனது 0.34 ஆக வெளியே வரும். சரிவில் அழுத்தம் குறைக்க வைத்த இடைத்தொட்டிகளையும் 'டேங்க்' என்றே வரையுங்கள். 'ரிசர்வாயர்' என்று வைத்தால், அதற்குக் கொடுத்த ஆரம்ப அளவே மாறாமல் நிற்கும். பூச்சியம் கொடுத்திருந்தால் கீழே எல்லாம் பூச்சியம்தான்.

240 மணி ஓட்டி, கடைசி 24 மணியை மட்டும் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடைசிக் குழாயில் அளந்தது கணக்கைவிடக் குறைவா? பழைய இரும்புப் பைப்புகளுக்கு மட்டும் சுவர்க் குணகத்தை (பைப்பின் உட்சுவர் குளோரினைக் குறைக்கும் வேகம்) −0.1 இலிருந்து மைனஸ் பக்கமாகவே சிறிது சிறிதாகக் கூட்டிப் பொருத்துங்கள்.

தொட்டியைப் பாதி மட்டத்தில் வைத்தால் 0.47 கிடைக்கும், ஆனால் வரட்சிக்குச் சேமிப்பு போய்விடும். இடைத்தொட்டியில் இரண்டாவது சொட்டு குளோரின் வைப்பதே மேல். மொடலில் அதை 'செட்பாயிண்ட் பூஸ்டர்' (வெளியேறும் நீரைக் குறித்த அளவுக்கு உயர்த்துவது) 0.5 என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.