நோட்டுப் புத்தகம் கொடுத்தால் ஆயிற்றா? கடன் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். பின்னால் பேனர், முன்னால் பிள்ளைகள், நடுவில் தலைவர். ஒரு வருடம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கவுன்ட்டரில் ஓர் அம்மா நின்றிருந்தார். பீடி சுற்றுகிறவர். பெரிய மகனைக் கல்லூரியில் சேர்க்க 15,000 ரூபாய் கேட்டார். நகை இருக்கிறதா என்றார்கள். இல்லை. சம்பள சர்டிபிகேட்? அதுவும் இல்லை. “அப்ப கஷ்டம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருடைய சின்ன மகள் அந்தப் போட்டோவில் நோட்டோடு நிற்கிறாள்.

சங்கங்களின் சமூக நோக்கம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் கவுன்ட்டர்தான் நினைவுக்கு வரும். லாபத்தில் மிஞ்சியதை எடுத்துச் செய்யும் தர்ம காரியமாக அதை நினைப்பதுதான் முதல் தவறு. சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளில் ‘சமூகத்தின் மீது அக்கறை’ ஏழாவது. கடைசியில் இருப்பதால் கடைசியாகச் செய்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. நோட்டு கொடுங்கள், மோர்ப் பந்தல் போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் யாருக்குக் கடன் கொடுக்கிறோம், எதை நம்பிக் கொடுக்கிறோம், எந்தக் கிழமையில் திருப்பி வாங்குகிறோம் என்பதில்தான் சங்கத்தின் நிஜமான சமூக வேலை கிடக்கிறது.

கிழமை என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி, கைத்தறி, தீப்பெட்டி வேலை செய்யும் வீடுகளில் வாரக் கூலிதான் வழக்கம். சங்கத்தின் தவணையோ மாதம் ஒரு முறை. மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போட்ட தேதி அது. கூலி வந்த இரண்டு நாளில் அரிசிக் கடைக்கும் வாடகைக்கும் கரைந்துபோகிற வீட்டில், மாதக் கடைசிவரை தவணைப் பணத்தைக் கட்டிக் காப்பது லேசான காரியமா? தினவசூலுக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தினமும் வாசலுக்கே வருகிறார்.

தண்டல் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 10,000 ரூபாய் என்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே 8,500 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு ஒரு சங்கம் கொடுத்து, அதே 100 நாளில் சிறுகச் சிறுக வசூலித்தால் வட்டி ஏறக்குறைய 140 ரூபாய். 1,500 எங்கே, 140 எங்கே! கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் தண்டல் ஓடுகிறது. காலையில் கேட்டால் சாயங்காலம் பணம் கிடைக்கிறதே! சங்கத்தில் மனு கொடுத்து, ஜாமீன் தேடி, நிர்வாகக் குழுக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். சின்னத் தொகைக்காவது இந்த நடையைக் குறைத்து வார வசூலுக்கு ஒரு ஆளைப் போட்டால், வேறு எந்த நலத்திட்டமும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

அடுத்தது, நகைக்கடனோடு நின்றுவிடுவது. நகைக்கடனில் அடகு பெட்டகத்தில் இருக்கிறது, செயலாளருக்கு நிம்மதி. ஆனால் பவுன் இல்லாதவர் அங்கேயே வெளியேறிவிடுகிறார். பயிர்க்கடனிலும் இதே கதைதான். தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை, இதைவிட நல்ல கடன் கிடையாது. ஆனால் அணைக்கட்டு, இலவம்பாடிப் பக்கம் முள்கத்தரி போடுகிறவர் வாய்மொழிக் குத்தகைக்காரராக இருந்தால்? பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும், யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் இவர் பெயர் வராது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தேசிய வேளாண்மை ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, கூட்டுப் பொறுப்புக் குழு என்ற முறையைக் கொண்டுவந்தது. நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கலாம். தெரிந்தும் பல சங்கங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வேலை அதிகம், பெட்டகத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

சரி, அப்படியானால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? அது எதிர்ப்பக்கத்துத் தவறு, இன்னும் ஆபத்தானது. திருப்பிக் கட்ட வழியில்லாதவருக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கும் கடன் அவருக்குச் சுமை, சங்கத்துக்கு வாராக்கடன். தள்ளுபடி வரும் என்ற நப்பாசையில் கொடுப்பதும் வாங்குவதும் அதைவிட மோசம். 2021-இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நொடித்துப்போயிருந்த பலருக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தவர்கள் டீக்கடையில் பேசியதையும் நான் கேட்டேன். “நாமதான் ஏமாளியா?” என்றார்கள்.

கொடுக்கிற பணம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளில் போட்ட டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. கிராமத்துத் தொடக்கக் கடன் சங்கத்தில் போட்டதற்கு அது கிடையாது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சங்கங்கள் பெயரில் ‘வங்கி’ என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. ஆனால் ஊரில் இன்றைக்கும் ‘சொசைட்டி பேங்க்’ என்றுதான் பேச்சு. பெரியவர் ஒருவர் ஓய்வுப் பணத்தைக் கொண்டுவந்து போடும்போது இந்த வித்தியாசத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதும் சமூக நோக்கம்தான். சொல்லாமல் விடுவது தவறு. இன்னொன்று, மாதம் லட்சத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஆசை காட்டும் நிதி நிறுவனங்களுக்கும் தீபாவளிச் சீட்டுகளுக்கும் எங்கள் மாவட்டம் நிறையவே இழந்திருக்கிறது. அவர்களோடு போட்டி போட்டு வட்டியை ஏற்றப் பார்க்கும் சங்கமும் அதே பள்ளத்தை நோக்கித்தான் நடக்கிறது.

ஆண்டுப் பேரவைக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிக்சர், காபி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெண் உறுப்பினர் பலருக்குத் தங்கள் பெயரில் கடன் ஓடுவதே நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. வாங்கியவர் கணவர், கையெழுத்து மட்டும் இவருடையது. கடன் தொகையை அவருடைய கையிலேயே கொடுத்து, எதற்கு என்று இரண்டு வார்த்தை கேட்டால் இதில் பாதி நின்றுவிடும்.

மதராஸ் மாகாணத்துக்காக ஆங்கிலேய அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு 1890-களில் அறிக்கை எழுதினார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திக் காட்டிய முறைதான் அவர் மனதில் இருந்தது. சிறிய எல்லை, ஒருவரை ஒருவர் அறிந்த உறுப்பினர்கள். பணியாளர் சங்கங்களுக்குத் தமிழில் வைத்த பெயரும் அழகானது: சிக்கன நாணயச் சங்கம். நாணயம் என்றால் காசு, சொல் தவறாமையும் அதுவே. இன்று காசை மட்டும் எண்ணுகிறோம், அறிமுகம் போய்விட்டது.

எண்ணுவதிலும் ஒரு தவறு உண்டு. எத்தனை நோட்டு கொடுத்தோம், எத்தனை மரக்கன்று நட்டோம் என்று ஆண்டறிக்கையில் வருகிறது. எத்தனை பேர் தண்டலிலிருந்து சங்கத்துக்கு மாறினார்கள் என்று வருவதில்லை. உறுப்பினர் பதிவேடு, கடன் பதிவேடு, நகைப் பதிவேடு, தவணை தவறியோர் பட்டியல் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. கேட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களுக்கு மட்டும் பதிவேடு இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், கேட்ட தொகை, எதற்கு, ஏன் கொடுக்கவில்லை, பிறகு எங்கே வாங்கினார். ஜூனில் வாங்கும் நோட்டுக் கட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக் கவுன்ட்டரில் வைக்கலாம்.