பம்ப்புக்குப் போகும் முன்: நோயாளிக்கு ஹெப்பாரின் பிடிக்குமா என்று கணிப்பது எப்படி?

இதய அறுவையில் பம்ப்புக்கு, அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு, போகும் முன் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் கொடுப்பது வழக்கம். எடையை வைத்துப் போடும் இந்த டோஸ் ஓர் ஊகம்தான். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு ஏசிடி (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) 600 விநாடி வரும், மற்றவருக்கு 350ஐத் தாண்டாது.

சந்தேகம் முந்தின நாள் கேஸ் ஷீட்டிலேயே தொடங்க வேண்டும். ஹெப்பாரின் தனியாக வேலை செய்வதில்லை, இரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் புரதத்தைத்தான் முடுக்கிவிடுகிறது. நாள்கணக்கில் ஹெப்பாரின் ஏறியவர்களுக்கு அந்தப் புரதம் குறைந்திருக்கும். வால்வில் தொற்று, ஈரல் நோய், சிறுநீரில் புரதம் போவது, பிளேட்லெட் 3 லட்சத்துக்கு மேல் இருப்பது ஆகியவையும் எச்சரிக்கைதான். இப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டித்ராம்பின் அளவைப் பார்த்துவிடுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பிளாஸ்மாவுக்கோ ஆன்டித்ராம்பின் ஊசிக்கோ அன்றே சொல்லி வைப்பது நல்லது.

அறுவை அன்று முதல் ஏசிடிக்கு ஆர்டீரியல் லைனில் (தமனியில் போட்ட குழாயில்) எடுக்கும்போது 5 முதல் 10 மில்லி இரத்தத்தை ஒதுக்கிய பிறகே சாம்பிள் எடுங்கள். லைன் அடைக்காமலிருக்கச் செலுத்தும் ஃபிளஷ் ஹெப்பாரின் கலந்தால் முதல் எண் பொய்யாகக் கூடும், பின்னால் போடும் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். டோஸ் ரெஸ்பான்ஸ் கார்ட்ரிட்ஜ் இருந்தால் மருந்து ஏற்றும் முன்பே கணிக்கலாம். வெவ்வேறு அளவு ஹெப்பாரின் உள்ள குழாய்களில் அதே இரத்தம் உறையும் நேரத்தை அது ஒப்பிடும். மில்லிக்கு 1 யூனிட் கூடும்போது ஏசிடி 80 விநாடிகூட உயராவிட்டால் ஹெப்பாரின் எதிர்ப்பை, அதாவது மருந்து சரியாகப் பிடிக்காததை, எதிர்பார்க்கலாம்.

கார்ட்ரிட்ஜ் இல்லையென்றால் முதல் டோஸே சோதனை. சென்ட்ரல் லைனில் (பெரிய சிரையில் போட்ட குழாயில்) இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு மருந்தை ஏற்றி, 3 முதல் 5 நிமிடம் கழித்து ஏசிடி பாருங்கள். 60 கிலோ நோயாளி, முதல் ஏசிடி 120, 18,000 யூனிட்டுக்குப் பின் 390 என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 270. அதைக் கிலோவுக்கான 300 யூனிட்டால் வகுத்தால் 0.9. இது 1.3க்குக் கீழே இருந்தால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. பம்ப்புக்குப் போகத் தேவையான ஏசிடி 480ஐ எட்ட 360 விநாடி உயர வேண்டும், 360ஐ 0.9ஆல் வகுத்தால் கிலோவுக்கு 400 யூனிட். ஆக, இன்னும் 6,000 யூனிட் தேவை. டோஸ் கூடக்கூட உயர்வு மந்தமாகலாம் என்பதால் மறுபடி அளக்காமல் நகராதீர்கள்.

எண் ஏறவில்லை என்றதும் ஹெப்பாரின் குப்பியைப் (வயலை) பாருங்கள். 5 மில்லி வயலில் மொத்தம் 5,000 யூனிட்டும் உண்டு, 25,000 யூனிட்டும் உண்டு. கிலோவுக்கு 500 யூனிட் கொடுத்தும் 480 வராவிட்டால் ஹெப்பாரினையே கூட்டிக்கொண்டு போவதில் பெரிய பலனில்லை. ஆன்டித்ராம்பின் 500 முதல் 1,000 யூனிட், கிடைக்காவிட்டால் 2 பை பிளாஸ்மா கொடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். போதுமான ஏசிடி வரும்வரை பம்ப் சக்கரையும் (அறுவை இடத்து இரத்தத்தை உறிஞ்சும் குழாயையும்) ஓட்டக் கூடாது. உறையாத நிலைக்கு வராத இரத்தம் ரிசர்வாயருக்கு (பம்ப்பில் இரத்தம் சேரும் கலத்துக்கு) போனால் அங்கேயே கட்டியாகிவிடும்.